கூப்பிடு தூரம், கொழும்பு வழியாக!

பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. தூரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்தால் விடை வந்துவிடும். நாம் கல்லூரிப் படிக்கட்டு ஏறியவர்கள் அல்லர். ஆயினும் அந்தக் கணக்கு நமக்கு மறக்கவில்லை. மறக்க ஆசிரியரின் பிரம்பு விட்டதில்லை!

அந்தக் கணக்கைத்தான் இன்று போட்டுப் பார்க்கப் போகிறோம். ஒரு முனை, திருச்சிராப்பள்ளி விமான நிலையம். மறு முனை, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். வானத்து நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 184 கிலோமீட்டர். பழைய கணக்கில் 114 மைல். இத்தகைய குறுந்தடங்களில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற விமானம், இரு பக்கமும் விசிறி சுழலும் சிறு விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. வகுத்துப் பாருங்கள். இருபத்திரண்டு நிமிடம்!

திருச்சி சந்திப்பில் நகரப் பேருந்து ஏறித் திருவரங்கத்தில் போய் இறங்குவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இது முதல் விடை. கால அட்டவணையைப் புரட்டினால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று இருக்கும். அது இரண்டாவது விடை. போய் வந்தவரைக் கேட்டால், வீட்டை விட்டுக் கிளம்பி வீடு போய்ச் சேர ஐந்து ஆறு மணி நேரம் ஆயிற்று என்பார். அது மூன்றாவது. பத்தாண்டுகளுக்கு முன் போனவரைக் கேட்டால், ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று என்பார். அது நான்காவது. ஐந்தாவது விடை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஒரு பெரியவர். அவரிடம் பிறகு வருவோம்.

தூரம் ஒன்று, விடை ஐந்து! கணக்கில் பிழையா? இல்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. தூரம் இயற்கை அளந்து வைத்தது. நேரமோ ஆட்சிகள் அளந்து கொடுப்பது. இயற்கை குறைவாக அளந்தது. ஆட்சிகள் தாராளமாக அளந்து கொட்டின! அந்த அளவைப் பற்றித்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

மேற்கே கோவை, கிழக்கே பலாலி

நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேற்கே கோவை விமான நிலையத்துக்கு ஒரு கோடு இழுங்கள். ஏறத்தாழ 184 கிலோமீட்டர். இப்போது தென்கிழக்கே திரும்பிப் பலாலிக்கு ஒரு கோடு இழுங்கள். அதுவும் ஏறத்தாழ 184 கிலோமீட்டர்!

கவராயத்தின் ஒரு காலைத் திருச்சியில் ஊன்றிச் சுற்றினால், மறு கால் கோவையையும் தொடும், யாழ்ப்பாணத்தையும் தொடும். சென்னையை அது தொடாது. சென்னை அந்த வட்டத்துக்கு வெளியே, இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. திருச்சிக்காரருக்குத் தம் மாநிலத் தலைநகரைக் காட்டிலும் யாழ்ப்பாணம் பக்கம் என்றால், கேட்பவர் நம்பமாட்டார். ஆனால் அளவுகோல் பொய் சொல்லாது.

கோவையில் ஒருவருக்கு உடல் நலமில்லை என்று தொலைபேசி வந்தால், திருச்சியில் இருப்பவர் என்ன செய்கிறார்? சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போகிறார். பொழுது சாய்வதற்குள் படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறார். அதே தூரத்திலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து அப்படியொரு சேதி வந்தால்? நெடுங்காலமாக இருந்த நிலை என்ன? திருச்சியிலிருந்து விமானம் ஏறிக் கொழும்பு போகவேண்டும். கொழும்பு விமான நிலையமாகிய கட்டுநாயக்கவுக்குத் திருச்சியிலிருந்து வானவழி 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இறங்கி, வடக்கு நோக்கித் திரும்பி, பேருந்திலோ புகைவண்டியிலோ ஏறி, மீண்டும் 400 கிலோமீட்டர் அளவுக்குத் தரைவழியே போகவேண்டும். ஆக, ஏறத்தாழ 800!

184 கிலோமீட்டரைக் கடக்க 800 கிலோமீட்டர்! பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போக ஊரைச் சுற்றி வரச் சொல்வது போல. திண்ணையிலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார், கூப்பிட்டால் கேட்கும், ஆனால் வழி மட்டும் தெருமுனை, சந்தை, ஏரிக்கரை எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. கூப்பிடு தூரம், கொழும்பு வழியாக!

ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

நேர்மையாகப் பேசவேண்டும். இருபத்திரண்டு நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஏன் என்று விமானம் ஓட்டுபவரிடம் சண்டைக்குப் போவது அறியாமை.

விமானத்தின் பயண நேரத்தை, அது தரையை விட்டு எழும் நொடியிலிருந்து எண்ணுவதில்லை. நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும்போதே கணக்கு தொடங்குகிறது. மறு நிலையத்தில் போய் நின்ற பிறகே முடிகிறது. ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து போகவேண்டும். முன்னால் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்கவேண்டும். எழுந்தவுடன் முழு வேகம் வந்துவிடாது. ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போதும் அப்படியே. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அதற்கு எதிராக இறங்குவதே முறை; அதற்காகச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக நிற்கவேண்டும். இவ்வளவுக்கும் இடையே முழு வேகத்தில் பறக்கின்ற நேரம் கொஞ்சம்தான். தாமதம் நேர்ந்தால் ஈடுகட்டச் சில நிமிடங்களையும் அட்டவணையில் கூட்டி வைக்கிறார்கள்.

தூரம் நீண்டால் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு எட்டு ஒன்பது நிமிடம். பலாலித் தடத்திலோ நூறு கிலோமீட்டருக்கு முப்பது நிமிடத்துக்கு மேல்! தூரம் குறையக் குறைய வேகம் குறைவதுபோல் தோன்றும். பத்து ரூபாய்க் கத்தரிக்காய்க்கு முப்பது ரூபாய் வண்டிக் கூலி கொடுத்த கதை.

அதற்குமேல், வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கவேண்டும். பெட்டிச் சோதனை, உடல் சோதனை, கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை. இறங்கினால் மறுபடியும் சோதனை. ஒரு மணி நேரம் பறக்க, மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கவேண்டும்.

இதில் பெரும்பகுதி எங்கும் உள்ளதுதான். இதைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை. பறவைக்கும் கூட, கிளையை விட்டு எழவும் கிளையில் வந்து அமரவும் நேரம் பிடிக்கும். நாம் குறை சொல்வது, இயற்கை கேட்கும் நேரத்தை அல்ல. ஆணவமும் அலட்சியமும் அச்சமும் சேர்ந்து கேட்ட நேரத்தை!

வந்ததும் போனதும்

இது என்னமோ இன்று முளைத்த ஆசை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கி, புகைவண்டியில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் புகைவண்டியில் கொழும்பு என்று மக்கள் பயணம் போனார்கள். போட் மெயில் என்ற பெயரை நம் பாட்டன்மார் நன்கறிவார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அதன் பிறகும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. புயலால் நிறுத்த முடியாததைப் போர் வந்து நிறுத்திற்று.

வானவழியும் பழையதே. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படைக்காகப் போடப்பட்டது பலாலி ஓடுதளம். போர் முடிந்தது, சண்டை விமானம் இறங்கிய தளத்தில் சாதாரண மக்கள் இறங்கினார்கள். இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய நாள் 1947 டிசம்பர் 10. எந்தத் தடத்தில் தெரியுமா? கொழும்பின் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு! ஒரு நாட்டின் விமான நிறுவனம் முதன்முதலாகச் சிறகு விரித்தபோதே யாழ்ப்பாணத்தின் வழியாகத்தான் தமிழகத்துக்கு வந்தது. பின்னர் திருச்சியும் அந்த நிறுவனத்தின் தடங்களில் சேர்ந்தது.

அன்று பறந்த டக்கோட்டா விமானம், இன்றைய விமானத்தைவிட மெதுவானது. ஆயினும் அன்றைய மனிதன் இன்றைய மனிதனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தான்! விஞ்ஞானம் முன்னேற முன்னேறப் பயண நேரம் குறையும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. இங்கே விஞ்ஞானம் முன்னேறிற்று. பயண நேரம் பல மடங்கு கூடிற்று. உலகில் இத்தகைய அதிசயத்தைச் செய்து காட்டிய பெருமை, அரசியலைத் தவிர வேறு எதற்கு உண்டு?

1983-க்குப் பின் நடந்ததை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. அது ஒவ்வொரு தமிழன் நெஞ்சிலும் எழுதப்பட்டிருக்கிறது. பலாலி மறுபடியும் படைத்தளமாயிற்று. 2009-இல் போர் முடிந்தது. அதன் பிறகும் பத்தாண்டுகள் கழித்தே, 2019 அக்டோபர் 17-இல், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி திறக்கப்பட்டது. நவம்பர் 11-இல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கிற்று. நாலு மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று வந்தது; கதவு மூடப்பட்டது. உலகமெங்கும் மூடினார்கள், இங்கும் மூடினார்கள், அதில் குறையில்லை. ஆனால் உலகமெங்கும் திறந்த பிறகும் இங்கே திறக்க 2022 டிசம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் மற்றொரு நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கிற்று. கடைசியில், 2025 மார்ச் 30-ஆம் நாள், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் எழுந்தது.

மகிழ்ந்தோம்; இன்றும் மகிழ்கிறோம். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லும் நாணயம் நமக்கு உண்டு. ஆனால் வந்ததும் போனதுமாகவே இருந்த வரலாற்றைப் படித்தவர்கள் நாம். ஆகவே, மகிழ்ச்சியோடு ஒரு கண்ணை விழிப்பாகவும் வைத்திருக்கவேண்டும்.

வானத்திலும் வேலி உண்டு

சிலர் எண்ணுகிறார்கள்: விமானம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது, ஏறுவதற்கு ஆளும் இருக்கிறது, பறக்க வேண்டியதுதானே? நிலத்துக்குத்தானே எல்லை, வானத்துக்கு ஏது?

உண்டு! 1944-இல் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மண்ணின்மேல் உள்ள வானமும் சொந்தம் என்பது அதன் முதல் விதி. அனுமதியின்றி அடுத்த நாட்டின் விமானம் பயணச் சேவை நடத்த முடியாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை என்பதை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கின்றன.

எந்த இரண்டு அரசுகள்? தில்லியும் கொழும்பும்! திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் விடுவது பற்றிப் பேசும் மேசையில், திருச்சிக்கும் நாற்காலி இல்லை, யாழ்ப்பாணத்துக்கும் நாற்காலி இல்லை. இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், வான்வழியும் வானூர்தி நிலையமும் ஒன்றியப் பட்டியலில் 29-ஆவது இனம். மாநிலம் கேட்கலாம், கெஞ்சலாம், கடிதம் எழுதலாம். முடிவு செய்ய முடியாது. அங்கே யாழ்ப்பாணத்தில்? 1987-இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபையைத் தந்தது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்க 2013 வரை ஆயிற்று. 2018-இல் அதன் காலமும் முடிந்தது.

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. தரகர்கள் இருவர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறார்கள்! நாள் தள்ளிப்போனால் அவர்களுக்கு என்ன? வெற்றிலை தீர்ந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

திருச்சி விமான நிலையத்தில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதிய முனையம் கட்டியிருக்கிறார்கள். 2024-இல் திறந்தார்கள். கோபுர வடிவமும் வண்ண ஓவியமும் கண்ணைப் பறிக்கின்றன. வாசலில் கோலம் அழகாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாசல் எதற்கு? கோலத்தைப் பார்ப்பதற்கா? வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்குமா?

மூன்று மறுப்புகள்

நேரடி விமானத்தைப் பற்றிப் பேசினாலே மூவர் குறுக்கே வருவார்கள்.

முதலாமவர் கணக்குப் பிள்ளை. “ஆள் ஏறுமா? எழுபது எழுபத்தெட்டு இருக்கை; அதுவும் நிரம்பாவிட்டால் நட்டம் யார் தலையில்?” என்பார். அவருக்குச் சொல்கிறோம்: இன்று ஓடும், நாளை நிற்கும் என்றால், எந்த மனிதன் அதை நம்பித் திருமணத்துக்கு நாள் குறிப்பான்? எந்த வணிகன் சரக்குக்கு முன்பணம் கொடுப்பான்? நம்பிக்கை வந்தால் ஆள் வருவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகத் திருச்சியில் ஆள் உண்டு. திருவரங்கத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வர யாழ்ப்பாணத்தில் ஆள் உண்டு. கல்யாணப் பட்டு எடுக்க வருவோர், மருத்துவம் பார்க்க வருவோர், படிக்க வருவோர், இலண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து ஊர் பார்க்க வருவோர், எத்தனை வகை! அன்றியும், சிற்றூர் விமானத் தடங்களில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுக்கும் உடான் திட்டத்தை ஒன்றிய அரசே 2016-இல் கொண்டுவந்ததே! உள்நாட்டுக்கு ஒரு நியாயம் இருக்குமானால், 184 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உறவுக்கும் அந்த நியாயத்தை நீட்டினால் கருவூலம் கவிழ்ந்துவிடுமா?

இரண்டாமவர் சமாதானம் சொல்பவர். “நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாயிற்றே” என்பார். விட்டார்கள், வரவேற்கிறோம். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தது. சில நாளிலேயே நின்றது. மறுபடி 2024 ஆகஸ்டு 16-இல் தொடங்கினார்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர்க் கடல். நாலு மணி நேரம். ஏழைக்கு ஏற்றது, சுமை கொண்டுபோக வசதியானது. அது என்றென்றும் ஓடவேண்டும். ஆனால் கடல் சீறும் மாதங்களில் நோயாளியைக் கரையில் காத்திரு என்பதா? கப்பலும் வேண்டும், விமானமும் வேண்டும். வலக்கை இருக்கிறதே என்று இடக்கையை வெட்டிக்கொள்வோர் உண்டா?

மூன்றாமவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவார். “பாதுகாப்பு…” என்று இழுப்பார். அவரிடம் நாம் பணிவோடு கேட்கிறோம். பெயர் எழுதி, படம் பிடித்து, கைரேகை வாங்கி, பெட்டியைக் கதிர்க் கருவியில் ஊடுருவிப் பார்த்து, இருக்கை எண் கொடுத்து அனுப்பும் மனிதனால் ஆபத்தா? நேர்வழி அடைபட்டால்தான் கள்ள வழி பிறக்கும். முன்வாசல் பூட்டியிருந்த ஆண்டுகளில்தான் நள்ளிரவுப் படகுகள் புறப்பட்டன. குழந்தைகளோடு குடும்பங்கள் கடலில் தத்தளித்தன. நாட்டுக்குக் காவல் வேண்டும், மறுக்கவில்லை. திறந்த கதவில் நிற்பவன்தான் காவற்காரன். மூடிய கதவுக்குப் பூட்டு போதும்.

ஐந்தாவது விடை

இப்போது அந்தப் பெரியவரிடம் வருவோம்.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் வாழும் முகாம். அகதிகள் முகாம் என்று இருந்த பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றிற்று. அந்த ஆண்டு அரசு தந்த கணக்கின்படி, தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர். விமானம் ஏறும் ஒலியும் இறங்கும் ஒலியும் கொட்டப்பட்டு மக்களுக்குக் காலை மாலை மணியோசை போல.

அங்கே நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், தலைக்குமேல் போன விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நம்மைக் கேட்டார்:

“தம்பி, யாழ்ப்பாணத்துக்குப் பிளேன் விட்டிருக்கினமாம். எவ்வளவு நேரத்தில போய்ச் சேருமாம்?”

“ஒரு மணி நேரம் ஐயா” என்றோம்.

சிரித்தார். “ஒரு மணித்தியாலமோ! நான் வெளிக்கிட்டு முப்பத்தைஞ்சு வருசம். இன்னும் போய்ச் சேரேல்லை” என்றார்.

பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவரே தொடர்ந்தார்: “அந்தப் பிளேன் இறங்கிற இடத்துக்குக் கிட்டத்தான் எங்கட காணி. அப்பர் வெட்டின கிணறு. இருக்கோ, தூந்து போச்சோ, ஆர் கண்டது?”

அவர் வலிகாமம் வடக்குக்காரர். 1990-இல், பலாலித் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். அந்த நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் முள்வேலிக்குள் போயின. 2009-க்குப் பிறகு பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் அல்ல. பெரியவரோ படகில் வந்தவர். கடவுச்சீட்டு இல்லை. 2003-இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம், தாளின்றி வந்தவரைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கு வழி திறந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, தாள் இல்லாமைக்கான தண்டனை பாயாது என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. ஆறுதல்தான். ஆனால் தண்டிக்கமாட்டேன் என்பது வேறு, வழி விடுகிறேன் என்பது வேறு.

அவர் வாசலிலிருந்து பார்த்தால் விமானம் ஏறுவது தெரிகிறது. அவருடைய காணிக்குப் பக்கத்தில் அது இறங்குகிறது. வாசலும் காணியும் ஒரே தடத்தின் இரண்டு முனைகள். நடுவில் 184 கிலோமீட்டர். அதில் ஏறும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை!

இதைக் கண்ட பிறகு, தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

நாம் கேட்பது

எட்டாத நட்சத்திரத்தை நாம் கேட்கவில்லை. கேட்பது இவைதாம்.

ஒன்று, திருச்சி–யாழ்ப்பாணம் விமானச் சேவையை, இலாபம் வந்தால் ஓட்டுவதும் வராவிட்டால் நிறுத்துவதுமான கடைச் சரக்காக விடக்கூடாது. இழப்பு நேர்ந்தால் ஈடுகட்டும் ஏற்பாட்டை இரு அரசுகளும் செய்யவேண்டும்.

இரண்டு, பலாலி ஓடுபாதை சிறு விமானத்துக்கே ஏற்றதாக இருக்கிறது. அதை நீட்டவேண்டும். ஆனால் நீட்டுவதற்கு எடுக்கும் ஒவ்வோர் அடி மண்ணுக்கும் உரியவர் யார் என்று கேட்டு, அவரிடம் பேசி, உரிய விலையோ மாற்று நிலமோ கொடுத்துவிட்டு நீட்டவேண்டும். ஒருவன் கிணற்றைத் தூர்த்து, இன்னொருவனுக்கு விமானம் விடுவது வளர்ச்சி ஆகாது. தேவையில்லாமல் வேலிக்குள் கிடக்கும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

மூன்று, முகாம்களில் இருப்போர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரத் தற்காலிகப் பயணச் சீட்டு வழங்கவேண்டும். போனால் போனதுதான், திரும்ப முடியாது என்ற அச்சம் இருக்கும் வரை எவர் கிளம்புவார்? காணி இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு, அங்கேயே தங்குவதா, இங்கேயே வாழ்வதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் உரிமைதான் மனிதனுக்கு முதல் வீடு.

நான்கு, இரு கரைகளையும் இணைக்கும் வழிகளைப் பற்றிப் பேசும் மேசையில், தமிழ்நாட்டு அரசுக்கும் வடக்கு மாகாண மக்களின் பேராளர்களுக்கும் இடம் தரவேண்டும். கல்யாணப் பேச்சில் வீட்டார் இருக்கட்டும்!

இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. எவரும் கடலைத் தூர்க்க வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம். விமானம் இருக்கிறது. வானம் இருக்கிறது. 184 கிலோமீட்டர், அன்று போலவே இன்றும், ஓர் அங்குலம் கூடாமல் அப்படியே இருக்கிறது. கூடியதெல்லாம் கையெழுத்துப் போடுபவர்களின் தயக்கம் ஒன்றுதான். பேனாவால் நீண்ட தூரம் பேனாவாலேயே குறையும்.

பள்ளிக் கணக்குக்கு விடை எழுதிவிட்டோம், தோழர்களே. வகுத்தால் இருபத்திரண்டு நிமிடம். அட்டவணையில் ஒரு மணி நேரம். கொட்டப்பட்டு வாசலில் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டு என்கிறார். மூன்றும் சரியான விடைகளே. ஆனால் மூன்றாவது விடை சரியாக இருக்கும் வரை, முதல் இரண்டு விடைகளையும் சொல்லிப் பெருமைப்பட எந்த ஆட்சிக்கும் உரிமை இல்லை.

பெரியவருக்கு வயதாகிறது. அவருடைய கிணறு காத்திருக்கலாம். அவர் காத்திருக்க முடியுமா?